நாலரை மணிக் குளியல்

பள்ளிக்கூட வேன் மேட்டில் கியர் மாற்றும் சத்தம் கேட்டதும் பென்சிகரின் கை தன்னால் அடுப்புக்குப் போனது. அடுப்பில் வெந்நீர்ச் சருவம் இல்லை. சாயங்காலம் இனி வெந்நீர் வேண்டாம் என்று அவன்தான் காலையில் அதைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தான். இருந்தும் மூன்று மாதப் பழக்கம், கை போய் வெறும் காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு நேரம். டாக்டரம்மா சொன்னது அவ்வளவுதான். பிள்ளையைக் குளிப்பாட்டுவது ஒரு நாளைக்கு ஒரு நேரம், அதுவும் அஞ்சு நிமிஷம், பத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஒரு நேரத்தைக் காலையிலேயே முடித்தாகிவிட்டது, சுவர்க் கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, ஆறாவது நிமிஷத்தில் தண்ணீரை நிறுத்தி. இன்னும் தேய்க்கலியே என்று பிள்ளை நம்பாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படியானால் இந்தச் சாயங்காலத்தை என்ன செய்வது. நாலரைக்கு வேன் வரும், ஐந்துக்குள் குளிப்பாட்டல் முடியும், பவுடர் போட்டு, தலை சீவி, கழுத்து மூடிய கவுன் ஒன்றை மாட்டி உட்கார வைத்தால் ஆறு மணிக்குக் குவைத்திலிருந்து பிள்ளையின் அம்மா ஷைலா போனில் வருவாள், காலை டியூட்டி முடிந்து அறைக்கு வந்த கையோடு. பிள்ளையைப் பார்த்ததும் அவள் முகம் விரிகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும் என்று அவன் நினைத்திருந்தான். குளிப்பாட்டல் இல்லாமல் நாலரைக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு பெரிய குழி விழுந்துகிடந்தது, அதில் எதைப் போட்டு நிரப்புவது என்று தெரியவில்லை. படியிறங்கிப் போனான். வேன் கதவு திறந்து அஜிஷா குதித்தாள், ஆறு வயது, ஒரு சாக்ஸ் இறங்கிக்கிடந்தது, முட்டில் செம்மண், நெற்றியில் வியர்வையோடு ஒட்டிய முடி. மண். இதைக் கழுவாமல் எப்படி. வீட்டுக்குள் வந்ததும் பையை இறக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு அவள் குளிமுறி வாசலில் போய் நின்றாள், சட்டையைக் கழற்றுவதற்கு. போலீஸ் பிடித்தவர்கள் நிற்பது மாதிரி. இதற்கு முன்னும் தினமும் இப்படித்தான் நின்றாளா, அல்லது இன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டதா. கையை இறக்கு மக்களே, இன்னைக்கு வேண்டாம் என்றான். எதுக்கு வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. கையை மட்டும் உடனே இறக்கவில்லை.

நேற்றைக்கு மார்த்தாண்டத்தில் தோல் டாக்டரம்மாவின் அறையில் பிள்ளை மேசை மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவுக்குத் தணிந்த குரல், அவர் எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார் போல என்று பயந்து அவன் முன்னால் குனிந்தே இருந்தான். முழங்கை மடிப்பு, முட்டுக்குப் பின்பக்கம், கழுத்தைச் சுற்றிலும், தோல் சிவந்து, செதில் விட்டு, சில இடத்தில் கோடுகோடாக வெடித்து நீர் கோத்திருந்தது. முதலில் வேர்க்குரு என்று நினைத்தேன் என்றான். பிறகு அழுக்கு என்று நினைத்தேன். அழுக்கு என்று நினைத்து என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார். காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று, படுக்கிறதுக்கு முன்னால் ஒன்று, நல்ல சூட்டில் வெந்நீர், அதில் ஒரு மூடி மருந்துத் தண்ணீர், சோப்பு, தேய்க்கத் தேங்காய்ச் சகிரி நார் என்று ஒப்பித்தான், ஒப்பிக்கும்போது குரலில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது, அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. அவர் பேனாவை வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைத் தன் கையில் எடுத்து விரலால் ஒரு தடவை தடவினார். இது அழுக்கால் வந்ததில்லை, குளித்து வந்தது என்றார். தோலுக்கு என்று ஒரு எண்ணெய் இருக்கிறது, அதை நீங்கள் மூன்று நேரமும் உரித்து எடுத்திருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைக்குத் தோல் இன்னும் முற்றவில்லை. உங்களுக்கு ஒன்றும் செய்யாதது அவளுக்குச் செய்யும். நம்மூர்ப் புழுக்கத்துக்கு ஒரு நேரம் போதும். விளையாடிவிட்டு வந்தால் கை கால் முகம் கழுவினால் போதும். வெதுவெதுப்புத்தான், சூடு கூடாது, சகிரி கூடாது, மருந்துத் தண்ணீர் கூடவே கூடாது, சோப்பு கக்கத்துக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். துடைக்காமல் ஒற்றி எடுங்கள், ஈரம் காய்வதற்குள் இந்தக் களிம்பு. எல்லாம் எழுதித் தந்தார். இவ்வளவும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். எழும்போதுதான் டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்து விளையாட்டாக, குளிச்சு முடிச்சதும் அப்பா என்ன செய்வாங்க, பவுடர் போடுவாங்களா என்று கேட்டார். அஜிஷா யோசித்தாள். "மோந்து பாப்பாங்க" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன்தான் சிரித்தான். மோந்து பாப்பாங்க. பஸ்ஸில் வரும்போது, ரப்பர் பால் வெட்டப் போகும்போது, ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியை வைக்கும்போது, மோந்து பாப்பாங்க. எல்லாத் தகப்பன்மாரும் பிள்ளையை மோந்து பார்ப்பார்கள், அதில் என்ன. ஆனால் எல்லாத் தகப்பன்மாரும் எதற்கு மோந்து பார்ப்பார்கள், அவன் எதற்கு மோந்து பார்த்தான்.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மற்ற பிள்ளைகளுக்கு அம்மாமார் வந்திருந்தார்கள், இவன் ஒருவன்தான் அந்தச் சின்ன பெஞ்சில் முட்டு இடிக்க உட்கார்ந்திருந்தான். படிப்பு நல்லா இருக்கு, எழுத்து நல்லா இருக்கு என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வகுப்பு டீச்சர் குரலைத் தணித்து, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் ஏதோ வாடை வருகிறது என்று சொல்லுகிறார்கள், கொஞ்சம் சுத்தமாக அனுப்புங்கள் என்றார். நல்ல டீச்சர். நோகச் சொல்ல வேண்டும் என்று சொன்னவர் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அவனும் சரி என்று வந்திருப்பான். "அம்மா ஊர்ல இல்லல்லா" என்று ஒரு வரி கூடச் சேர்த்தார். அனுதாபத்தோடுதான். ஆனால் அந்த வரி உள்ளே போய் முள் மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அதன் மேலேயே படுக்க வேண்டியிருந்தது. அம்மா ஊர்ல இல்லல்லா. அம்மா இல்லாத பிள்ளையின் மேல் வாடை வரும். ஆம்பிளை வளர்த்தால் வாடை வரும். ஷைலா குவைத்துக்குக் கிளம்புகிற அன்று மாமியார் இதைத்தானே வேறு மாதிரி சொன்னாள், பிள்ளையை எங்க வீட்டில் விடுங்கள், ஆம்பிளைக்குப் பொம்பளைப் பிள்ளையை வளர்க்கத் தெரியுமா என்று. எனக்க பிள்ளைய நான் வளக்குவேன் என்று அவன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். அப்படியானால் ஒரு வாக்கு, பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள் மாமியார். சரி என்றான். ஷைலா தலையைக் குனிந்து பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒன்று. வாடை அந்த ஒன்றில் சேருமா. வெடித்த தோல் சேரும், சந்தேகமில்லாமல் சேரும். பக்கத்து வீட்டு லில்லி அக்கா, அவன் விடியுமுன் பால் வெட்டப் போகும்போது பிள்ளைக்குத் துணையாக வந்து படுப்பவள், இரண்டு வாரம் முன்பே பிள்ளைக்க கழுத்தைப் பாத்தியா என்று கேட்டாள். வேர்க்குரு என்றான். அன்றைக்கு ராத்திரி இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எரியுதா என்று கேட்டான். இல்லை என்றாள். எரியாமல் எப்படி இருக்கும், வெடிப்பில் மருந்துத் தண்ணீர் பட்டால் பெரியவனே துள்ளுவான். அவள் இல்லை என்றாள், அவனும் நம்பினான், நம்புவது அவனுக்குத் தோதாக இருந்தது.

அஜிஷாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். கழுத்தைத் தொடாமல் தலை வழியே எடுக்க ஒரு வித்தை வேண்டும், காலரை அகலப் பிடித்து மூக்கில் படாமல் தூக்க வேண்டும், அது இந்த இரண்டு வாரத்தில் கைக்கு வந்திருந்தது. பிள்ளையைக் கல்லில் நிறுத்திப் பச்சைத் தண்ணீரில் கையைக் கழுவினான், காலைக் கழுவினான், முட்டுச் செம்மண்ணை விரலால் பூவைத் தொடுகிற மாதிரி தொட்டு இளக்கினான். மண் கரைந்து ஓடியது. இதற்கு இவ்வளவு போதுமா. சகிரி இல்லாமலேயே மண் போகிறது. முகத்தைக் கழுவினான். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது. கழுத்து மடிப்பில் கறுப்பாக ஒரு கோடு, வியர்வையும் தூசியும் சேர்ந்த கோடு, அதற்கு மேலேயும் கீழேயும் சிவப்பு. இந்தக் கோட்டை விட்டுவைத்தால் நாளைக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை மூக்கைப் பொத்தும். தேய்த்தால் சிவப்பு கூடும். தண்ணீரை மட்டும் கையில் ஏந்தி இரண்டு தரம் விட்டான். குனிந்தான். மூக்கு தன்னால் பிள்ளையின் கழுத்துக்குப் போய், பாதியில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டி நின்றாள், ஊசி போட்டுக்கொள்ளக் கையைக் காட்டுகிற மாதிரி. அவன் நிமிர்ந்துவிட்டான். ஒரு துண்டை எடுத்து ஒற்றினான், களிம்பைத் தொட்டு வைத்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்த மூக்கால் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. மூன்று மாதமாக மோந்து பார்க்கிறான், ஒரு நாள்கூட அவனுக்கு வாடை தெரிந்ததில்லை. தெரியவில்லை என்பதால்தான் பயம். ஒட்டுப்பாலும் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டும் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரைப் புகையும் பிறந்த நாளிலிருந்து ஏறிய மூக்கு, அதற்கு ரப்பர் வாடை காற்று மாதிரி. அவனுக்கே அவன் வாடை தெரியாது, தெரிந்தது மற்றவர்களுக்குத்தான். எட்டாம் வகுப்பில் அவன் பேர் ஒட்டுப்பால். பென்சிகர் என்று கூப்பிட ஆளில்லை, ஒட்டுப்பால் வந்தான், ஒட்டுப்பால் போனான், ஒட்டுப்பாலுக்குப் பக்கத்தில் யாரு இருக்குவா. சிரட்டையில் உறைந்து புளித்த பாலைச் சாக்கில் கட்டி வைத்தால் எப்படி நாறும் என்று ஊருக்கே தெரியும். அவன் தினமும் ஆற்றில் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான், கோதையாற்றின் குளிரில் உதடு நீலம் பாரிக்க, இரண்டு முங்கு கூடவே போட்டு. பேர் போகவில்லை. குளித்தால் போகிற பேராக அது இல்லை. இதெல்லாம் தெரிந்த ஆள் தன் பிள்ளையை எத்தனை நேரம் குளிப்பாட்டுவான், சொல்லுங்கள். அஜிஷாவை இன்னும் யாரும் பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை, வைப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் ஓடினான், ஓடின ஓட்டத்தில் கால் எங்கே மிதித்தது என்று பார்க்கவில்லை.

கழற்றின சட்டை கையிலேயே இருந்தது. வாளியில் போடப் போனவன் நின்றான். டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டாரே. மருந்துச் சீட்டை நீட்டும்போது, துணியெல்லாம் எங்கே காயப்போடுகிறீர்கள், சட்டையில் புகை வாடை அடிக்கிறதே என்று. மழைதானே, புகைப்புரையை ஒட்டி ஒரு மூங்கில் கட்டியிருக்கிறேன், அந்தச் சூட்டில் காய்ந்துவிடும் என்று இவன் சொன்னான். வெயில் பார்த்துப் போடுங்கள் என்று அவர் சொன்னார். ஒரு நேரம், ஒரு நேரம் என்று மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்த அவசரத்தில் அது காதில் விழுந்து உள்ளே இறங்காமல் கிடந்திருக்கிறது. இப்போது இறங்கியது. அவன் சட்டையை மூக்கில் வைத்து இழுத்தான், ஒன்றும் தெரியவில்லை, தெரியாது, தெரிந்தால்தான் அதிசயம். பின்வாசல் வழியாகப் பார்த்தான். அடுக்களையை அடுத்து வேலியோரம் புகைப்புரை, அதற்குள் கம்பில் வரிசையாக ரப்பர் ஷீட், தகர இடுக்கில் மெல்லக் கசிகிற புகை, அந்தப் புகை போகிற வழியில் மூங்கிலில் இரண்டாவது யூனிபார்ம் தொங்கிக்கொண்டிருந்தது, கீழேயே ஒட்டுப்பால் சாக்கு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோதே மழை பிடித்துவிட்டது. அப்போதிருந்து அங்கேதான் காய்கிறது. பிள்ளையின் மேல் வாடை இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. சட்டையில் இருந்த வாடைக்கு அவன் மூன்று மாதம் பிள்ளையைத் தேய்த்திருக்கிறான். மூன்று மாதத்துக்கு எத்தனை குளிப்பாட்டல் என்று மனசு எண்ணத் தொடங்கியது, எண்ணாதே என்றான். போய் அந்த மூங்கிலைப் பிடுங்கினான். பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தான். யூனிபார்மை எடுத்து நல்ல தண்ணீரில் ஊறப்போட்டான், எங்கே காயப்போடுவது என்று தெரியாமலே. முன் வராந்தாவில் காற்று வரும், கயிறு கட்டலாம், லில்லி அக்கா வீட்டு மாடியில் போடலாம், ஒரு நாள் கூடுதல் ஆனால் ஆகட்டும். இதையெல்லாம் ஆடி மாதமே செய்திருக்கலாம் அல்லவா. டீச்சர் வாடை என்று சொன்னார், தோல் என்று சொன்னாரா. இவன்தான் தோலை எடுத்துக்கொண்டான். அம்மா ஊர்ல இல்லல்லா என்று சொன்னதால் எடுத்துக்கொண்டான்.

மணி ஐந்தேகால். இன்னும் முக்கால் மணி நேரம். கையில் வேலை இல்லாத கை ஒரு தொல்லை. வாளியைக் கழுவினான். கழுவின வாளியை மறுபடி கழுவினான். குளிமுறித் தரையை ஈர்க்குமாறால் தேய்த்தான், மருந்துத் தண்ணீர்க் குப்பியைக் கண்டு அதை எடுத்து வெளியே சாய்ப்பில் எறிந்தான், பிறகு போய் எடுத்துவந்து தரைக்கு ஆகும் என்று மூலையில் வைத்தான். ஷைலாவிடம் என்ன சொல்வது. கழுத்து மூடின கவுனைப் போட்டுவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம், இரண்டு வாரமாக அப்படித்தான் ஓடுகிறது, பொன்னு மாதிரி இருக்காளே என்று அவளும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காற்றுப்பட விடுங்கள், தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னது வேறு ஒரு பக்கம். ஷைலா நர்ஸ். ஒரு பார்வையில் கண்டுபிடிப்பாள். எத்தனை நாளாகிறது என்று கேட்பாள், கோபப்படமாட்டாள், வார்டில் கேட்கிற மாதிரி கேட்பாள், அதுதான் தாங்காது. பிறகு அவள் அம்மையைக் கூப்பிடுவாள். நாளைக்குக் காலையில் திங்கள்சந்தையிலிருந்து மாமியார் ஆட்டோ பிடித்து வந்து இறங்குவாள். ஏதாவது ஒன்று. பிள்ளையின் பெட்டி, பிள்ளையின் புத்தகம், பிள்ளையின் களிம்பு. பிறகு இந்த வீட்டில் நாலரைக்கு என்ன சத்தம் இருக்கும். அவன் தன்னை அறியாமல் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பதினொரு மணிக்குப் பாலெடுத்து வந்ததும் குளித்தாகிவிட்டது, இருந்தும் செம்பைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான், மறுபடி, மறுபடி. யார் மேலாவது தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும் போல இருந்தது. அவன் தோலுக்கு ஒன்றும் செய்யவில்லை. முப்பத்தெட்டு வயதுத் தோல், கொசுவும் பூரானும் வெயிலும் பட்டுக் காய்ந்த தோல், எத்தனை நேரம் வேண்டுமானாலும் குளிக்கும். தண்ணீர் காதில் இரைந்தது. அதற்குள்ளே பிள்ளை கூப்பிடுகிற மாதிரி இருந்தது, செம்பை நிறுத்தினான், ஒன்றும் இல்லை. கூப்பிடாதது இன்னும் பயமாக இருந்தது.

துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் அஜிஷா முன்னறையில் இல்லை. வராந்தாவின் கோடியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கையில்லாத உள்சட்டையோடு குத்தவைத்து உட்கார்ந்து சிலேட்டில் என்னவோ வரைந்துகொண்டிருந்தாள். பாய் உள்ளே விரித்திருந்தது. அந்தப் பாயில்தான் அவள் தினமும் இந்நேரம் உட்காருவாள், அவன் தலை சீவிவிடுவான். அங்க எதுக்கு போய் இருக்க, குளிரும், இங்க வா மக்களே என்றான். வேண்டாம் என்றாள். ஏன். அவள் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் குளிக்கலல்லா. பாயில நாறும்." கேட்டது சரியாகக் கேட்டதா என்று உள்ளுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டிருந்தது. யாரு சொன்னா ஒனக்கிட்ட, பள்ளிக்கூடத்துல யாராவது சொன்னாவளா என்று கேட்டான், கேட்கும்போதே அந்தப் பிள்ளைகளின் வீடுகள், அவர்களுடைய அப்பாமார், சண்டைக்குப் போவது எல்லாம் மனசில் ஓடியது, யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு ஆசைகூட. அவள் இல்லை என்று தலையாட்டினாள். "அப்பாதான் மோந்து பாக்குதீங்க. போகல்லண்ணு தானே பின்னயும் குளிப்பாட்டுதீங்க." குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி சொன்னாள். எத்தனை நாளாக இந்தக் கணக்கை இந்தச் சின்ன மண்டைக்குள் போட்டு வைத்திருந்தாளோ. வகுப்பில் பெஞ்சின் கோடியில் உட்காருகிறாள் என்று போன மாதம் டீச்சர் நோட்டில் எழுதியிருந்தார், பிள்ளைகளோடு சேரட்டும் என்று. யாரும் தள்ளி உட்கார வைக்கவில்லை. அவளே தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் யாரும் வைக்காத பேரை அவன் வைத்திருக்கிறான், வாயால் வைக்காமல் மூக்கால். அவன் போய் அவள் பக்கத்தில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தான். அவள் ஒரு சாண் நகர்ந்தாள். அவனும் நகரப் போனான், நகர்ந்தால் அவள் இன்னும் நகர்வாள், அதற்கு அப்பால் படி. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டான். நாறுனது நீ இல்ல, கேட்டியா, ஒனக்க சட்டை, நான் அத புகைப்புரையில போட்டுக் காயவச்சேன், அப்பாவுக்குத் தெரியாம போச்சு என்றான். இன்னும் என்னவெல்லாமோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பினாளா என்று தெரியவில்லை, மூன்று மாதம் நம்ப வைத்ததை மூன்று நிமிஷத்தில் எப்படித் திருப்புவது. அப்பாவுக்குத் தப்பு பற்றிப்போச்சு என்றான் கடைசியில். அதைக் கேட்டதும்தான் அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். அப்பாமாருக்கும் தப்பு பற்றும் என்பது அவளுக்குப் புதுசாக இருந்தது போல.

போன் அடித்தது. உள்ளே பாயில் கிடந்து அடித்தது. கழுத்து மூடின கவுன் கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, மாட்ட ஒரு நிமிஷம் போதும், மணி நான்கு தரம் அடிப்பதற்குள் மாட்டிவிடலாம். அவன் எழுந்து போனை எடுத்து, கவுனைத் தாண்டி, மறுபடி செருப்புப் பக்கமே வந்து உட்கார்ந்து பித்தானை அழுத்தினான். ஷைலாவின் முகம் வந்தது, தலைமுடி இன்னும் டியூட்டிக் கொண்டையில், கண்ணுக்குக் கீழே முகக்கவசத்தின் கோடு. பிள்ளை எங்க என்றாள். இங்கதான் இருக்கா, முதல்ல நீ ஒண்ணு பாக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிப் பிள்ளையின் கழுத்தைக் காட்டினான், முழங்கை மடிப்பைக் காட்டினான், அவளைத் திருப்பி முட்டின் பின்பக்கத்தைக் காட்டினான். படம் ஆடியது. அசைக்காதீங்க என்றாள். அவன் நினைத்த அதே வார்டுக் குரல். எத்தனை நாளாச்சு. தோல் சிவந்து ரெண்டு மாசம் இருக்கும், கழுத்து வெடிச்சு ரெண்டு வாரம் என்றான், பிறகு எல்லாவற்றையும் சொன்னான், டீச்சர் சொன்னது, மூன்று நேரம், மருந்துத் தண்ணீர், சகிரி, மார்த்தாண்டம், சட்டை, புகைப்புரை. பாதியில் நிறுத்தினால் மீதி வராது என்று மூச்சு விடாமல் சொன்னான். ஒனக்க அம்மைகிட்ட சொல்லணும்னா சொல்லு, நான் வாக்கு தந்தவன்தான் என்றும் சொன்னான். களிம்பைக் காட்டுங்க என்றாள். காட்டினான். சீட்டைக் காட்டுங்க என்றாள். அதையும் காட்டினான். படித்தாள். நல்ல டாக்டராக்கும், இதுபோலவே செய்யுங்க என்றாள். பிறகு, "அம்மைகிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்க எனக்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபம் இருந்தது, அவன் பயந்து வைத்திருந்த கோபம் இல்லை, வேறு ஒன்று, இரண்டரை வருஷமாகத் தனியாக ஒரு அறையில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த கோபம், நானும் இந்த வீட்டு ஆள்தானே என்கிற கோபம். ராத்திரி குளிப்பாட்டக் கூடாது, கேட்டீங்களா என்றாள். கேட்டேன் என்றான்.

பிள்ளைகிட்ட போனைக் குடுங்க என்றாள். அஜிஷா போனை இரண்டு கையாலும் வாங்கினாள். வழக்கமாக இந்நேரம் பாட்டு சொல்லுவாள், பல் ஆடுவதைக் காட்டுவாள். இன்றைக்கு ஒன்றும் காட்டாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, அவனுக்குக் கேட்கக் கூடாது என்பது போல் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நான் இப்ப குளிக்கல்ல. எனக்க வாடை அங்க வருதா?"

பென்சிகர் வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"வரலியே மக்களே" என்றாள் ஷைலா. "வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

அஜிஷா யோசித்தாள். அம்மா சொன்னதில் எங்கோ ஒன்று அவளுக்கு இடறியிருக்க வேண்டும், புருவம் சுருங்கியது. பிறகு களிம்பு மினுங்கிய கழுத்தைச் சாய்த்து, போனின் கண்ணாடியை அதில் ஒட்டி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி மூச்சை நீளமாக உள்ளே இழுக்கிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.